ஞாயிறு இல்லாத வாரம்: அவுஸ்திரேலிய உள்நாட்டு மிசனும் மந்தைப் பண்ணைச் சமூகமும்

மிசனரி என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனத்தில் எழும் காட்சி பெரும்பாலும் நிலைபெற்ற ஓர் இடத்தைச் சார்ந்தது. தேவாலயம், அதன் வளவிலே பாடசாலை, அச்சுக்கூடம், வைத்தியசாலை, ஞாயிறுதோறும் ஒலிக்கும் மணி ஆகியவை அக்காட்சியின் கூறுகள். அந்நிய ஆட்சிக்குட்பட்ட மக்களிடையே வந்து அவர்தம் சமயத்தை மாற்ற முயன்றவர் என்பதே மிசனரிக்கு நாம் வழங்கும் வரைவிலக்கணம். இவ்வரைவிலக்கணத்துள் அடங்காத ஒரு வகையினரும் இருந்தனர். அவர்களுக்கு வளவும் இல்லை, மணியும் இல்லை. அவர்கள் தேடிச் சென்றவர்கள் அந்நியரல்லர். தம் இனத்தவரும் தம் சமயத்தவருமான குடியேற்றக்காரரே. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அவுஸ்திரேலியாவின் நடுப்பகுதியிலும் வடபகுதியிலும் மாட்டுப் பண்ணைகளிடையே ஒட்டகத்திலும் குதிரையிலும் பின்னர் மோட்டார் வண்டியிலும் அலைந்த இளம் போதகர்கள் இவ்வகையினர். அவர்களது அன்றாட வாழ்க்கையை, குறிப்பாக அவர்களது வாரத்தின் ஒழுங்கினை நோக்குவது, அவர்கள் பணியாற்றிய சமூகத்தின் அமைப்பை விளங்கிக்கொள்வதற்குச் சிறந்ததொரு வாயில் என்பது எமது கருத்து. அந்த வாரம் எதைக் கண்டது என்பதோடு எதைக் காணாது விட்டது என்பதும் இங்கு ஆராயப்படவேண்டியதாகும்.

முதலில் அச்சமூகத்தின் பொருளாதார அடித்தளத்தை நோக்குவோம். 1872ஆம் ஆண்டில் கண்டத்தைத் தெற்கு வடக்காக ஊடறுத்துச் செல்லும் தந்திப் பாதை நிறைவுற்றது. அப்பாதையை ஒட்டியே நிலம் அளக்கப்பட்டது. மந்தைகள் ஓட்டிச் செல்லப்பட்டன. முடிக்குரிய நிலம் என்ற பெயரில் ஆதிக்குடிகளின் நிலம் குத்தகைக்கு விடப்பட்டது. ஒரு பண்ணை என்பது நாம் அறிந்த மாட்டுப்பட்டி போன்றதன்று. ஆயிரக்கணக்கான சதுர மைல் பரப்புடைய பண்ணைகள் அங்கே சாதாரணம். விக்டோறியா றிவர் டவுன்ஸ் எனப்பட்டது அதன் உச்சநிலையில் 12,000 சதுர மைலுக்கும் மேற்பட்டதாயிருந்தது. இங்கிலாந்தின் வெஸ்டி குடும்பத்தினர் முதலாம் உலகப் போர்க் காலத்தில் வட பிரதேசத்துக் குத்தகைகளை வாங்கத் தொடங்கியபின், மந்தை மேயும் நிலத்துக்கும் அதன் உடைமையாளருக்கும் இடையே ஒரு சமுத்திரமே இருந்தது. பண்ணை வீட்டில் முகாமையாளர் ஒருவர், சில சமயம் அவரது மனைவி மக்கள், சம்பளத்துக்கு அமர்த்தப்பட்ட வெள்ளை மாட்டுப் பணியாளர் சிலர், சமையற்காரர் ஒருவர் இருப்பர். பண்ணை வீட்டிலிருந்து எட்டத்தே, நீர்நிலையை அண்டிய முகாமில், அந்நிலத்தின் பழைய உரிமையாளர்கள் இருப்பர். மந்தையைத் திரட்டுவோரும், குறி சுடுவோரும், வேலியடைப்போரும், பண்ணை வீட்டில் துணி தோய்ப்போரும், தண்ணீர் சுமப்போரும் பெரும்பாலும் இவர்களே.

மந்தைச் சமூகத்துக்குப் போதகரை அனுப்பும் எண்ணம் முதலில் குயின்ஸ்லாந்திலே உருப்பெற்றது. 1891இல் அங்கு செம்மறி மயிர் கத்தரிப்போர் நடாத்திய பெரும் வேலைநிறுத்தம் படைபலங்கொண்டு அடக்கப்பட்டது, தலைவர்கள் சிறையிடப்பட்டனர். ஆறாண்டுகள் கழித்து, 1897இல், லோங்றீச் என்ற ஊரிலே அங்கிலிக்கன் திருச்சபையின் முதலாவது புதர்நிலச் சகோதரர் குழு நிறுவப்பட்டது. இங்கிலாந்தின் பல்கலைக்கழகங்களிற் கற்ற, மணமாகாத இளங்குருமாரைச் சில ஆண்டுக் கால உறுதிமொழியின்பேரில் குதிரையேற்றி அனுப்புவதே அதன் திட்டம். வேலைநிறுத்தத்துக்கும் சகோதரர் குழுவுக்கும் நேர்க் காரணகாரியத் தொடர்பு காட்டுவது மிகையாகலாம். எனினும் கசப்புற்றிருந்த தொழிலாளரிடையேதான் அவ்விளைஞர் முதன்முதற் சென்றனர் என்பதை மறந்துவிடலாகாது.

பிரெஸ்பிற்றேரியன் திருச்சபையின் முயற்சி இதனிலும் விரிவானது. அதன் மூலவர் ஜோன் பிளின். 1880இல் விக்டோறியாவிற் பிறந்த இவர், 1911இல் குருப்பட்டம் பெற்று, தென் அவுஸ்திரேலியாவின் வட எல்லையை நோக்கிய பெல்டானா என்ற சிற்றூருக்குச் சென்றார். அங்கிருந்த மிசன் ஸ்கொத்லாந்துச் சீமாட்டி ஒருவரின் கொடையால் நடைபெற்றது. அச்சீமாட்டி தமது நிலத்தின் வருவாயை வழங்கியது ஆதிக்குடிகளின் கல்விக்கும் சமயப்போதனைக்குமாகவே. காலப்போக்கில் அவ்வருவாய் குடியேற்றக்காரருக்கான பணிக்குத் திருப்பப்பட்டது. இவ்வொரு செய்தியே பின்னர் நாம் கூறப்போவதற்கு முன்னுரையாக அமையும்.

1911ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி வட பிரதேசம் மத்திய அரசின் நேரடி ஆட்சிக்குள் வந்தது. வெள்ளை அவுஸ்திரேலியா என்ற கொள்கையைச் சட்டமாக்கிப் பத்தாண்டுகளே ஆகியிருந்த அவ்வரசுக்கு, வெள்ளையர் சில ஆயிரவரே வாழ்ந்த அப்பெருநிலப்பரப்பு ஒரு கவலையாயிருந்தது. அதனை அடுத்த ஆண்டில் பிளின் அப்பகுதியைச் சுற்றிப் பார்த்துத் திருச்சபையிடம் இரு அறிக்கைகளைச் சமர்ப்பித்தார். ஒன்று குடியேறிய வெள்ளையரின் தேவைகள் பற்றியது. மற்றையது ஆதிக்குடிகளின் தேவைகள் பற்றியது. 1912 செப்தெம்பர் 26இல் அவுஸ்திரேலிய உள்நாட்டு மிசன் தோற்றுவிக்கப்பட்டு, பிளின் அதன் அத்தியட்சகராக நியமிக்கப்பட்டார். அம்மிசனின் உள்ளடக்கமாக அமைந்தது முதலாவது அறிக்கையே.

இனி அப்போதகரின் வாரத்துக்கு வருவோம். முதலாம் உலகப் போர் ஆண்டுகளில் ஊட்னடாட்டாவைத் தளமாகக் கொண்டு ஒட்டகத்திற் சுற்றியவர் றொபேட் புரூஸ் பிளவ்மன். அப்பொழுது அவர் முப்பது வயதளவினர். தமது அநுபவங்களை 1930களில் நூல்களாக எழுதி வெளியிட்டமையால், அவ்வாழ்க்கை பற்றி நகரவாசிகள் அறிந்தவற்றுட் பெரும்பகுதி அவர் வழியாகவே வந்தது. ஊட்னடாட்டா அன்று புகையிரதப் பாதையின் முடிவிடம். 1891இல் அங்கு வந்து நின்ற பாதை 1929இலேதான் அலிஸ் ஸ்பிறிங்சை எட்டியது. இடைப்பட்ட ஏறக்குறைய 300 மைலுக்கும் அதற்கப்பாலுக்கும் ஒட்டகமே வாகனம். அவ்வொட்டகங்களின் வரலாறும் ஒருவகையில் நம் பக்கத்து வரலாறே. 1866இல் கராச்சித் துறைமுகத்திலிருந்து நூற்றுக்கு மேற்பட்ட ஒட்டகங்களும் அவற்றை ஓட்டுவோரும் பெல்டானாப் பண்ணைக்கெனக் கொண்டுசெல்லப்பட்டனர். அவ்வோட்டிகளுட் பலர் பஞ்சாப், சிந்து, பலுச்சிஸ்தான் பகுதியினராயிருந்தும், யாவரையும் ஆப்கானியர் என்ற ஒரே பெயரால் அழைப்பது வெள்ளையர் வழக்கமாயிற்று. கிறித்தவப் போதகர் ஏறிச்சென்ற வழியை வகுத்தவர்கள் இந்த முஸ்லிம் ஒட்டகக்காரர்களே.

வாரம் ஏழு நாட்களைக் கொண்டதாயினும், சுற்றுப்பயணப் போதகரைப் பொறுத்தவரை அது ஒரு பண்ணைக்கும் மறு பண்ணைக்கும் இடையிலான தூரமே. சுமையேற்றிய ஒட்டகம் நாளொன்றுக்கு 20 அல்லது 25 மைல் செல்லும். விடியுமுன் எழுந்து, இரவில் முன்னங்கால்கள் தளையிடப்பட்டு மேய விடப்பட்ட ஒட்டகங்களைக் கழுத்து மணியின் ஓசை கொண்டு தேடுவதே நாளின் முதற் கடமை. அவை சில மைல் தூரம் நகர்ந்துவிட்டால் அரைநாள் அத்துடன் முடிந்துவிடும். பின்னர் சுமை ஏற்றல்: தண்ணீர்ப் பீப்பாய்கள், கோதுமை மா, தேயிலை, சீனி, உப்பிட்ட இறைச்சி, மருந்துப் பெட்டி, பல் பிடுங்கும் குறடு, பழைய சஞ்சிகைக் கட்டுகள், பிறர் கொடுத்தனுப்பிய கடிதங்கள், வேதாகமம், பாட்டுத் தாள்கள். சுமையின் கனத்தை நோக்கின் வேதாகமத்தின் பங்கு மிகச் சிறிதே. வழியில் நீர்நிலை எங்கே, எது வற்றியிருக்கும், எது உவர்த்திருக்கும் என்ற அறிவு இப்பயணத்தின் உயிர்நாடி. அவ்வறிவு ஆதிக்குடிகளுடையது. போதகர்களோடு வழிகாட்டியாகவும் உதவியாளாகவும் சென்றவர்களும் பெரும்பாலும் ஆதிக்குடி இளைஞர்களே.

மூன்று நாளோ நான்கு நாளோ கழித்துப் பண்ணையை அடைந்தால், அங்கே அவரை எதிர்கொள்ளும் முதற் கேள்வி சமயம் பற்றியதன்று. மழை எங்கே பெய்தது, மாட்டின் விலை என்ன, யார் இறந்தார் என்பனவே கேட்கப்படும். அடுத்துப் பல் பிடுங்குதல். இறையியற் கல்லூரியின் பாடவிதானத்தில் இது இடம்பெறவில்லையாயினும், ஒரு போதகரின் நற்பெயர் அவரது பிரசங்கத்திலும் பார்க்கக் குறட்டிலேயே தங்கியிருந்தது எனலாம். தையல் இயந்திரமோ காற்றாடியால் நீரிறைக்கும் பொறியோ பழுதாயிருப்பின் அதுவும் அவர் பொறுப்பு. எழுத்தறியாப் பணியாளனுக்கு அவன் தாய்க்குக் கடிதம் எழுதிக் கொடுப்பது, முகாமையாளரின் பிள்ளைகளுக்குச் சில நாட் பாடம் சொல்வது, உயில் எழுத உதவுவது ஆகியவை அனைத்தும் அவ்விரு நாட்களுள் அடங்கும். மந்தை திரட்டும் பருவமாயின் பண்ணை வீட்டில் ஆடவர் ஒருவரும் இரார். போதகர் திரட்டு முகாமுக்கே சென்று, குறி சுடும் இடத்திற் கயிறு பிடித்து, இரவில் மந்தையைச் சுற்றிக் காவல் வந்து, அதன் பின்னரே நெருப்பின் அருகில் வாய்திறக்க முடியும். வேலை செய்யாது உண்பவனின் வார்த்தைக்கு அங்கு மதிப்பில்லை. வடக்கே மழைக்காலம் தொடங்கியதும் ஆறுகள் பெருகிப் பாதைகள் அடைபடும். அப்போது அவரது பணியும் நின்றுவிடும். மந்தையின் நாட்காட்டியே மிசனின் நாட்காட்டியாயிற்று.

இதன் விளைவாக வாரத்தின் சமயப் பொருளே மாறிப்போயிற்று. நாட்காட்டியின்படி ஞாயிறு வரும் நாளில் அவர் மணற்குன்றுகளிடையே தனித்திருப்பார். செவ்வாய்க்கிழமை பண்ணையை அடைந்தால் அன்றே ஞாயிறு. இரவுணவின் பின் விறாந்தையில் விளக்கேற்றி, எல்லாருக்கும் தெரிந்த இரண்டொரு பாடல்களைப் பாடி, சுருக்கமாகச் சில வார்த்தை கூறி முடிப்பதே வழிபாடு. கூடியிருப்போருள் கத்தோலிக்கர் இருப்பர், அங்கிலிக்கர் இருப்பர், எதிலும் நம்பிக்கையற்றோரும் இருப்பர். சபைப் பிரிவு பாராது யாவருக்கும் பணியாற்றுதல் வேண்டும் என்பது பிளின் வகுத்த நெறி. தூரமும் தனிமையும் அதனை எளிதாக்கின. போதகர் வரும்வரை காத்திருந்த காரியங்கள் ஒரே மாலையில் நிகழும். வெவ்வேறு வயதுடைய பிள்ளைகள் வரிசையாக ஞானஸ்நானம் பெறுவர். மாதக்கணக்கில் மூடிக்கிடந்த புதைகுழியின் அருகே நின்று மரண ஆராதனை வாசிக்கப்படும். போதகர் வராமலே போகலாம் என்பதையும் பிளின் அறிந்திருந்தார். 1910இல் அவர் வெளியிட்ட கைநூலில் முதலுதவிக் குறிப்புகளுடன் நல்லடக்க ஆராதனையும் சேர்க்கப்பட்டிருந்தது. தோழனைப் புதைக்கும் மாட்டுப் பணியாளன் தானே அதனை வாசித்துக்கொள்ளலாம். குருவின் இன்றியமையாமையை ஒரு குருவே இவ்வாறு விட்டுக்கொடுத்தமை கவனிக்கத்தக்கது.

இத்தகைய வாழ்க்கை ஒரு சமயவாதியைச் சமூக அறிஞனாக்கியது என்பதில் ஐயமில்லை. ஆன்மாவின் தேவையிலும் உடலின் தேவை முந்தியது என்பதைப் பிளினும் அவர் தோழரும் கற்றுக்கொண்டது இப்பயணங்களிலேயே. 1917இல் மேற்கு அவுஸ்திரேலியாவின் ஹோல்ஸ் கிறீக்கில் ஜிம்மி டாசி என்ற மாட்டுப் பணியாளன் குதிரையிலிருந்து விழுந்து படுகாயமுற்றபோது, அவ்வூர்த் தபாலதிபர், ஆயிரக்கணக்கான மைலுக்கப்பால் பேர்த் நகரிலிருந்த வைத்தியர் தந்தி மூலம் கூறக் கூற, பேனாக்கத்தியால் அவனுக்குச் சத்திரசிகிச்சை செய்தார். வைத்தியர் கப்பலிலும் மோட்டார் வண்டியிலுமாக அங்கு வந்து சேருமுன்னரே டாசி இறந்துவிட்டான். அதே ஆண்டில் கிளிபேட் பீல் என்ற மருத்துவ மாணவர், போர்விமானியாகப் பயிற்சி பெற்றவர், நோயாளரிடம் விமானத்திற் செல்லும் திட்டமொன்றைப் பிளினுக்கு எழுதி அனுப்பினார். மறு ஆண்டு போரிலே மாண்டார். தாதியர் விடுதிகள் ஒவ்வொன்றாக எழுந்தன; அலிஸ் ஸ்பிறிங்சின் அடிலெயிட் இல்லம் 1926இல் திறக்கப்பட்டது. 1928 மே 17இல் குயின்ஸ்லாந்தின் குளோன்கறியிலிருந்து பறக்கும் வைத்தியரின் முதல் விமானம் புறப்பட்டது. காலால் மிதித்து மின்னாற்றல் பெறும் அல்பிறட் டிறேகரின் வானொலிக் கருவி 1929இற் பண்ணைகளை வந்தடைந்தது. பண்ணைப் பெண்டிரின் தனிமையை உடைத்ததில் இக்கருவிக்கு நிகரில்லை. இவை அனைத்தும் மெய்யான சாதனைகள், நகையாடுதற்குரியனவல்ல. பிளினின் உருவம் 1994இல் வெளியான இருபது டொலர்த் தாளில் இடம்பெற்றமைக்கும் காரணம் இவையே.

ஆயினும் நாணயத்தாள் வரலாற்றாசிரியனுக்குப் போதிய சான்றாகாது. விறாந்தையில் விளக்கேற்றிய அந்த மாலையை மீண்டும் நோக்குவோம். நாற்காலியில் முகாமையாளரும் மனைவியும் அமர்ந்துள்ளனர். படியில் வெள்ளைப் பணியாளர். அன்று பகல் மாடு மறித்தோர் எங்கே? வழிபாட்டுக்கான மேசையைத் துடைத்து வைத்த பெண் எங்கே? அவர்கள் எட்டத்தே தம் முகாமின் நெருப்பருகே இருந்தனர். போதகரின் வாரம் அவர்களது உழைப்பால் இயன்றது. அவரது சபை என்ற கருத்துள் அவர்கள் அடங்கவில்லை.

அவ்வுழைப்பின் நிபந்தனைகள் எத்தகையன? வட பிரதேசத்திற் பலருக்குக் கூலியே இல்லை. மா, தேயிலை, சீனி, புகையிலை, அறுத்த மாட்டின் எஞ்சிய பாகம், ஆண்டுக்கு ஓரிரு உடுப்பு ஆகியனவே ஊதியம். கூலி விதிக்கப்பட்ட குயின்ஸ்லாந்திலோ அதன் பெரும்பகுதி பாதுகாவலர் எனப்பட்ட அரச அலுவலரின் கையில் தங்கியது. பண்ணையை விட்டு நீங்கியவனைப் பொலிசார் மீட்டுக் கொண்டுவரலாம். மத்திய அரசின் வேண்டுகோளின்பேரில் 1928இல் இப்பகுதியை ஆராய்ந்த பிளீக்லி, அவர் தாமே குயின்ஸ்லாந்தின் தலைமைப் பாதுகாவலர், வட பிரதேச மந்தைத் தொழில் முற்றிலும் ஆதிக்குடிகளின் உழைப்பிலேயே தங்கியுள்ளது என ஒப்புக்கொண்டார். நிலமானிய அமைப்பிற் குடியானவனுக்குத் தன் நிலத்தில் ஓர் உரிமையாவது எஞ்சியிருந்தது. இங்கே முதலாளித்துவச் சந்தைக்கென மாடு வளர்க்கப்பட்டது. உழைப்பாளிக்கோ சந்தைக் கூலியும் இல்லை, நிலவுரிமையும் இல்லை. தன் மூதாதையர் நிலத்தை விட்டு அகல மனமின்மையே அவனைப் பண்ணையோடு பிணைத்தது; பண்ணைக்காரர் அதனை நன்கறிந்திருந்தனர். அலிஸ் ஸ்பிறிங்சில் வெள்ளைத் தந்தையருக்கும் ஆதிக்குடித் தாய்மாருக்கும் பிறந்த பிள்ளைகளை வைத்திருப்பதற்கென 1914இல் ஏற்பட்ட தகரக் கொட்டகை, அடிலெயிட் இல்லம் திறக்கப்பட்டபோதும் அதே ஊரில் இருந்தது. ஊரோ மிகச் சிறியது.

1928ஆம் ஆண்டு இவ்வகையிற் குறிப்பிடத்தக்கது. மே மாதத்திற் பறக்கும் வைத்தியர் சேவை தொடங்கியது என்றோம். ஓகஸ்ட் மாதத்தில் மத்திய அவுஸ்திரேலியாவின் கொனிஸ்டன் பண்ணையருகே டிங்கோ நாய் பிடிக்கும் வெள்ளையர் ஒருவர் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து, மறே என்ற பொலிஸ்காரர் தலைமையிற் சென்ற குழுக்கள் வால்பிறி முதலிய மக்களை வாரக்கணக்கில் வேட்டையாடின. அரசு ஒப்புக்கொண்ட தொகை 31. உண்மைத் தொகை அதனிலும் மிகப் பெரிது என்பது அம்மக்களின் வாய்மொழி மரபு. டாவின் நீதிமன்றத்தில் மறே கூறியவற்றைக் கேட்டு அதனை வெளியுலகுக்குக் கொண்டுசென்றவர் அதொல் மக்கிரெகர் என்ற மெதடிஸ்த போதகர். பின்னர் நடந்த விசாரணை கொலைகளை நியாயமெனத் தீர்த்தது. ஆதிக்குடிகளிடையே தனித்து வாழ்ந்த அனி லொக் என்ற மிசனரிப் பெண், வெள்ளையர் மீது அவர்களுக்கிருந்த மதிப்பைக் குறைத்தார் என்பதையும் அவ்விசாரணை கலவரத்தின் காரணங்களுள் ஒன்றாகச் சேர்த்தது. விறாந்தைக்கும் முகாமுக்கும் இடையிலிருந்த அந்தச் சிறு தூரத்தைத் தாண்டிய மிசனரிக்கு நேர்ந்த கதி இது.

பிளினின் சார்பிற் கூறப்படும் நியாயம் ஒன்றுண்டு. ஆதிக்குடிகளுக்கென வேறு மிசன்கள் இருந்தன. லூதரன் சபையார் 1877 முதல் ஹேமன்ஸ்பேக்கில் இருந்தனர். பிரெஸ்பிற்றேரியன் சபையே 1891இல் குயின்ஸ்லாந்தின் வடகோடியில் மப்பூனில் நிலையம் அமைத்திருந்தது. ஆகவே இது வேலைப்பிரிவினையே அன்றிப் புறக்கணிப்பன்று என்பர். இவ்வாதத்தை நாம் ஏற்பதற்கில்லை. பண்ணை என்பது ஒரே உற்பத்தி அலகு. ஒரே கிணற்றில் நீருண்டு, ஒரே மந்தையை மறித்து வாழ்ந்தோரை நிறத்தின்படி இரு சபைக் குழுக்களிடம் பிரித்துக் கொடுத்தல், பண்ணையின் சமத்துவமின்மையைத் திருச்சபையின் நிருவாக ஒழுங்காக மாற்றியதேயாகும். அக்காலத்தவர் அப்படித்தான் சிந்தித்தனர் என்ற சமாதானமும் நிலைக்காது. ஏனெனில் அக்காலத்தவருள் வேறாகச் சிந்தித்தோர் இருந்தனர். அதே திருச்சபையைச் சேர்ந்த அடிலெயிட் நகரச் சத்திரசிகிச்சை நிபுணர் சாள்ஸ் டுகுயிட் 1934இல் நடுப்பகுதிக்குச் சென்று மீண்டபின், உள்நாட்டு மிசன் வெள்ளையரை மட்டுமே கருத்திற்கொள்வதை வெளிப்படையாகக் கண்டித்தார். அவரது முயற்சியால் 1937இல் மஸ்கிறேவ் மலைத்தொடரில் ஏனபெல்லா மிசன் எழுந்தது. அங்கே பிட்ஜன்ஜாறா மொழி போதனைக்குரிய மொழியாயிற்று. தனிமனிதரின் நற்குணம் இங்குப் பிரச்சினையன்று. பிளவ்மனும், 1936இல் குயின்ஸ்லாந்துப் பண்ணைகளுக்குச் சென்று பிளினின் பின் அத்தியட்சகரான பிறெட் மக்கேயும் இரக்கமும் உழைப்பும் மிக்கவர்கள். உள்நாட்டை வெள்ளைக் குடும்பங்களால் நிரப்புதல் என்ற நோக்கத்துக்குள் அவ்விரக்கம் அடைபட்டிருந்தமையே பிரச்சினை.

முகாமில் இருந்தோர் போதகருக்காகக் காத்திருக்கவில்லை. 1946 மே முதலாந் திகதி மேற்கு அவுஸ்திரேலியாவின் பில்பறாப் பகுதியில் நூற்றுக்கணக்கான ஆதிக்குடித் தொழிலாளர் பண்ணைகளை விட்டு வெளியேறினர். 1966 ஓகஸ்ட் 23இல், வின்சன்ற் லிங்கியாறியின் தலைமையில், வெஸ்டி நிறுவனத்தின் வேவ் ஹில் பண்ணையிலிருந்து குரிந்ஜி மக்கள் ஏறக்குறைய இருநூறுபேர் நடந்து சென்று தம் நிலத்திலே குடியமர்ந்தனர். கூலிக்கெனத் தொடங்கியதாகக் கருதப்பட்ட போராட்டம் நிலத்துக்கான போராட்டம் என்பது விரைவிலே தெளிவாயிற்று. 1975 ஓகஸ்ட் 16இல் பிரதமர் விற்லம் லிங்கியாறியின் கையிலே ஒரு பிடி மண்ணைச் சொரிந்தார். மறு ஆண்டு வட பிரதேச நிலவுரிமைச் சட்டம் நிறைவேறியது. இதற்கிடையே 1968 திசெம்பரில் சமகூலி நடைமுறைக்கு வந்தபோது, கூலி கொடுக்க விரும்பாத பண்ணைக்காரர் பலர் முகாம்களையே கலைத்தனர். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் தொழிலே தங்கியிருந்த மக்கள், நகரங்களின் ஓரத்திற் கொட்டகைகளுக்கு ஒதுங்கினர்.

பிளின் 1951இல் காலமானார். அவரது அஸ்தி அலிஸ் ஸ்பிறிங்சுக்கு மேற்கே கில்லன் மலையடிவாரத்தில் வைக்கப்பட்டது. சமாதியின்மேல் இடுவதற்கெனப் பெருங்கல் ஒன்று, டெனன்ற் கிறீக்குக்குத் தெற்கேயுள்ள கார்லு கார்லு என்னுமிடத்திலிருந்து எடுத்துவரப்பட்டது. அவ்விடம் வறுமுங்கு, கைடிட்ஜ் மக்களின் புனிதத் தலம். அவர்களின் சம்மதம் அன்று பெறப்படவில்லை. கல்லைத் திருப்பித் தருமாறு அவர்கள் பல ஆண்டுகள் கேட்டு வந்தனர். பிளினின் மிசன் 1977இன் பின் ஐக்கிய திருச்சபையுள் இணைந்திருந்தது; நீண்ட பேச்சுவார்த்தையின் பின் 1999இல் அக்கல் தன் இடத்துக்கு மீண்டது. சமாதி வெறுமையாக விடப்படவில்லை. அலிஸ் ஸ்பிறிங்ஸ் நிலத்துக்குரியவர்களான அறண்டா மக்கள் தம் நிலத்திலிருந்து வேறொரு கல்லைக் கொடுத்தனர். இன்று அங்கிருப்பது அதுவே.